அரை நாள் குடித்தனம்

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மறுநாள்தான், அதே வீட்டு மாடிக்குச் சகலை குடிவரப் போகிறார் என்ற சங்கதி மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்குத் தெரிந்தது. சகலை வாயைத் திறந்தால் தற்பெருமைதான். அதைத் தினமும் கேட்பதைவிடக் கடையிலேயே படுத்துக்கொள்ளலாம் என்று, மனைவியையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்காரரிடம் ஓடினார்.

"சார், எங்களுக்கு வீடு வேண்டாம். ஒப்பந்தத்தைக் கிழிச்சிடுங்க."

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். எதையும் முறைப்படிதான் செய்வார்.

"தாராளமா காலி பண்ணுங்க. ஆனா குடியே வராதவங்க எப்படிக் காலி பண்ண முடியும்? முதல்ல வாங்க, அப்புறம் போங்க."

எவ்வளவு மன்றாடியும் மனிதர் மசியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பாயும் இரண்டு தலையணையும் குக்கரும் வண்டியில் வந்து இறங்கின. மனைவி வீட்டைப் பெருக்கித் துடைத்தாள். பக்கத்து வீட்டம்மா வந்து, குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று விவரம் சொன்னார். மதியம் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு, சாமான்களை மறுபடி வண்டியில் ஏற்றினார்கள்.

வழியனுப்ப வந்த பக்கத்து வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்பதான் பழகினோம், அதுக்குள்ள கிளம்பிட்டீங்களே!"

வீட்டுக்காரர் சுவர்களைத் தடவிப் பார்த்துவிட்டு ஒப்பந்தத்தைக் கிழித்தார். "ஒரு ஆணிகூட அடிக்கல. இப்படி ஒரு குடித்தனக்காரங்க இனிமே எனக்குக் கிடைப்பாங்களா?" அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வண்டி தெருமுனையைத் தாண்டும்வரை மனைவி திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"நல்ல வீடுங்க" என்றாள், மூக்கை உறிஞ்சியபடி. "நாம இருந்தவரைக்கும் ஒரு குறையும் இல்ல."