கிணற்றில் விழுந்த நட்டுகள்

பிரேக்கை மிதித்தால் இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம் தெருமுனை வரை கேட்டது. அந்த மாருதியில்தான் ராமலட்சுமி தினமும் எப்போதும்வென்றான் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நாலு டீச்சர்களைக் கொண்டுபோய் விடுகிறாள். புருஷன் ராஜமணி இறந்த மறுவருஷம் தொடங்கிய பிழைப்பு. அவனுடைய அண்ணன் பூவனநாதனுக்கு அது பிடிக்கவே இல்லை. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி வீட்டுப் பொம்பளை வாடகைக்கு வண்டி ஓட்டுவதா என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

ஒர்க்‌ஷாப் சௌந்தரபாண்டியன் பிரேக் பேடை மாற்றக் கேட்டவளின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "ஒங்க வண்டியத் தொடக்கூடாதுன்னு பூவனநாதன் அண்ணாச்சி சொல்லிட்டாவ, தாயி. எனக்கு அவிய பகை வேண்டாம்."

புது பிரேக் பேடை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ராஜமணி எப்போதும் தானே மாட்டுவான். பக்கத்தில் நின்று நட்டு கழற்றும் பானாவை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு வீட்டுக்கும் பொதுவான முற்றத்தில் ஜாக்கியை வைத்து வண்டியைத் தூக்கினாள்.

பூவனநாதன் பல் துலக்கியபடியே வந்து நின்றார். "என்னட்டி செய்யுத? பிரேக்குன்னா தோசைக் கல்லா? நாளைக்கு நாலு டீச்சரயும் சேத்துக் கொல்லப் போற."

அவள் முன்பக்கத்து இடது சக்கரத்தை முடித்து மாட்டிவிட்டு வலதைக் கழற்றினாள். தேய்ந்த பேடு பிளேடு கனத்துக்கு இருந்தது. புதுசை உள்ளே வைத்து போல்ட்டை முடுக்கி, சக்கரத்தையும் பொருத்திவிட்டு நட்டுக்காகத் திரும்பினால், டப்பா மூடியில் வைத்திருந்த நாலு நட்டும் அவர் கையில் இருந்தன.

"குடுங்க அத்தான்."

அவர் முற்றத்துக் கிணற்றை எட்டிப் பார்த்து ஒவ்வொன்றாகப் போட்டார். நாலு தடவை தண்ணீர் சத்தம் கேட்டது.

"இப்ப ஓட்டு பாப்போம்."

அழுதால் அவர் ஜெயித்த மாதிரி. ராமலட்சுமி பானாவை எடுத்தாள். மற்ற மூணு சக்கரத்திலும் ஒவ்வொரு நட்டாகக் கழற்றி வலது சக்கரத்தில் போட்டாள். எல்லாச் சக்கரத்துக்கும் மும்மூணு. மெதுவாகப் போனால் கடை வரைக்கும் தாங்கும்.

ஜாக்கியை இறக்கிவிட்டு உள்ளே ஏறினாள். புது பேடு என்பதால் முதல் மிதியில் பிரேக் பெடல் தரையைத் தொட்டது. விடாமல் மிதித்து மிதித்து, கால் கல்லில் பட்டதுபோல் ஆனபிறகுதான் வண்டியைக் கிளப்பினாள்.

பூவனநாதன் வாசல் கேட்டை மறித்து நின்றார். "என்மேல ஏத்திட்டுப் போ."

அவள் வண்டியை நகர்த்தினாள். அவர் அசையவில்லை. அவளும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை, நெருங்கும் வரை. பிறகு பிரேக்கை அழுத்தி மிதித்தாள். சத்தமே இல்லாமல் வண்டி அவர் வேட்டிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அவர் முகம் வெளுத்திருந்தது.

"வழி விடும்," என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு 'விடுங்க' சொல்லவில்லை.

"நாசமாப் போவ," என்றபடி அவர் ஒதுங்கினார்.

கடையில் புது நட்டு வாங்கி மாட்டிவிட்டு அவள் திரும்பி வந்தபோது கேட்டில் பூட்டுத் தொங்கியது. கேட்டை அவர் திறக்கவேயில்லை. அன்றிலிருந்து வண்டி தெருவில்தான் நின்றது. தினமும் காலையில் அவள் முதலில் நட்டுகளை எண்ணுவாள். அப்புறம்தான் டீச்சர்களை ஏற்றப் போவாள்.