மூன்றடி தூரத்துக்கு ஒரு தூது

என் பெற்றோர் ஒன்பது வருடம் ஒருவரோடு ஒருவர் பேசாமலேயே குறைவில்லாமல் குடும்பம் நடத்தினார்கள். இப்போது இருவருமே இல்லை. அப்பா போன நான்காம் மாதம் அம்மாவும் போய்விட்டாள். அதனால் மறுப்புத் தெரிவிக்க ஆளில்லாமல் தாராளமாக எழுதுகிறேன்.

சண்டைக்குக் காரணம், அத்தை வீட்டுக் கல்யாணத்தில் யாரோ யாரையோ பார்த்துச் சிரிக்காமல் போனது. அன்றிலிருந்து நான்தான் தூது. அப்பா மூன்றடி தள்ளி உட்கார்ந்திருப்பார். ஈரத்துண்டைக் கட்டிலில் போட வேண்டாம் என்று அவரிடம் சொல்லும்படி அம்மா என்னிடம் சொல்வாள். அவர் காதில் தெளிவாக விழும். ஆனாலும் நான் திரும்பிச் சொல்லும்வரை அசையமாட்டார். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

என் காதலுக்கும் இந்த ஏற்பாடே காரணம். அப்பாவின் சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி இருப்பதை அம்மா பார்த்தாள். சொல்வதற்கு நான் வீட்டில் இல்லை, கல்லூரியில் இருந்தேன். எனவே கண்ணாடியோடு சேர்த்துச் சட்டையைத் துவைத்துவிட்டாள். இப்படி மாதம் ஒருமுறை நான் கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டியிருந்தது.

அங்கே வேலை பார்த்தவனுக்கு நான் வைத்த பெயர் ஒட்டடைக்குச்சி. அவ்வளவு உயரம், அவ்வளவுதான் சதை. வளைந்த கம்பியை நிமிர்த்தி, மூக்குப்பிடியை மாற்றி, கடைசியில் தன் சட்டை நுனியால் ஒருமுறை துடைத்துக் கொடுப்பான். ஒரு வியாழக்கிழமை, தலை நிமிராமலே சொன்னான்:

"எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. என்னை வேற ஊர்க் கடைக்கு மாத்திட்டாங்க. சனிக்கிழமை காலைல கிளம்பணும். அதுக்குள்ள பதில் சொல்லு."

"சரி, சொல்லிடறேன்" என்று கண்ணாடியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்தவள் என்ன செய்தேன்? ஒன்பது வருடப் பழக்கம். மறுநாள் மாலை அப்பா, அம்மா இருவரையும் ஒரே அறையில் பார்த்ததும், ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். உலகத்தில் தனக்கு வந்த காதலைப் பெற்றோரிடம் பட்டுவாடா செய்த பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்பா என்னைப் பார்த்தார். "உங்கம்மாகிட்ட சொல்லு, பொண்ணை வளத்த லட்சணம் நல்லா இருக்குன்னு."

நான் திரும்புவதற்குள் அம்மா நேராக அவரிடமே கேட்டாள். "நான் மட்டுமா வளத்தேன்? நீங்க எந்த ஊர்ல இருந்தீங்க?"

அப்பாவும் நேராகவே பதில் சொன்னார். ஒன்பது வருடச் சரக்கு இருபக்கமும் கையிருப்பு இருந்தது. அத்தை வந்தாள், கல்யாணம் வந்தது, நான் பிறப்பதற்கு முன் தொலைந்த ஒரு குடைகூட வந்தது. அந்தப் பையன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறதா என்றும் கேட்கவில்லை. ஒருவேளை தேவைப்படுவேனோ என்று அரைமணி நேரம் நடுவிலேயே நின்று பார்த்தேன். தேவைப்படவில்லை. இருவருக்கும் முகத்தில் நல்ல களை வேறு வந்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அவன் தன் சின்னச் சின்ன ஸ்க்ரூடிரைவர்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "வீட்ல சொல்லிட்டியா என்ன? என்ன சொன்னாங்க?" என்றான். என் முகத்திலேயே எழுதியிருந்தது போலிருக்கிறது.

அவர்கள் சொன்னது முழுதும் என்னிடம் தயாராக இருந்தது. ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்திருப்பேன். ஆனால் "எனக்கு" என்று தொடங்கும் வாக்கியத்தை நான் அதுவரை பேசிப் பழகவில்லை. நாக்கு அதைத் தேடி எடுக்கச் சற்று நேரம் ஆனது.

"அவங்க சொன்னது கெடக்கட்டும். எனக்குப் பிடிச்சிருக்கு."

அவன் கையிலிருந்த ஸ்க்ரூ நழுவி மேசைக்கடியில் உருண்டது. இருவரும் மண்டியிட்டுத் தேடினோம். கிடைக்கவில்லை. யாரும் ஒழுங்காகத் தேடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.