ஒரு பிடி பாசி

அரசு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வழக்கமாகச் செய்கிற எதையும் சேஷகிரி செய்யவில்லை. சுலோக வகுப்பில் சேரவில்லை, காலையில் வாக்கிங் போகிற கோஷ்டியோடு அரசியல் பேசவில்லை. பெங்களூர் அல்சூர் ஏரியில் ஒரு படகு வாங்கினார். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன கிளாரன்ஸ், கிளம்புகிற அவசரத்தில் இவர் தலையில் கட்டிவிட்டுப் போன பழைய ஃபைபர் படகு. இரண்டு துடுப்பு, உட்கார இரண்டு பலகை, மற்றபடி எல்லாம் பாசி.

அவர் மனைவி ராஜலக்ஷ்மி அதைப் பார்க்கப் படகுத்துறைக்கு ஒரே ஒரு தடவை வந்தாள். கறை என்றால் அவளுக்கு ஜன்ம விரோதம். அடுப்பு மேடையில் ஒரு சொட்டுப் பால் வழிந்தால் அன்றைக்குப் பூரா வீட்டில் அதுதான் பேச்சு. தண்ணீர் தொடுகிற இடத்தில் படகைச் சுற்றி ஓடிய பழுப்புக் கோட்டையும் அதற்குக் கீழே அசைந்த பச்சையையும் குனிந்து பார்த்தாள்.

"ஏன்னா, இதுல மனுஷா உக்காருவாளா?"

"எப்பவும் தண்ணியிலயே கெடக்கற வஸ்து. பாசி ஒட்டத்தான் செய்யும்."

"ஆயுத பூஜைக்கு ஸ்கூட்டரைத் தொடைக்கற மாதிரி இதையும் தொடைங்கோ. அன்னிக்கு நானே வந்து பொட்டு வெச்சு, ஏறியும் உக்காந்துக்கறேன். ஆனா ஒரு கறை, துளி பாசி என் கண்ணுல பட்டாலும் இதை டென்சிலுக்குக் குடுத்துடணும். சரியா?"

பக்கத்தில் தன் படகைக் கட்டிக்கொண்டிருந்த டென்சில் சிரித்தார். கிளாரன்ஸின் படகுமேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

சேஷகிரி வீறாப்பாகச் சரி என்றுவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் எதைப் பணயம் வைத்தோம் என்று உறைத்தது. வீட்டில் ஹால் டிவிக்கு, சமையலறை ராஜலக்ஷ்மிக்கு, மாடி வாடகைக்காரருக்கு. அவருக்கென்று இருந்தது அந்தப் படகுப் பலகை ஒன்றுதான். அதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து ராஜலக்ஷ்மி அவருடைய ஸ்கூட்டரில் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். போகிற வழியில் அவள் முகம் எப்படி இருக்கும் என்று அவர் பார்த்ததே இல்லை. படகில் துடுப்புப் போடுகிறவனுக்கு எதிரில்தான் மற்றவர் உட்கார வேண்டும்.

மறுநாளே தேங்காய் நாரும் பாத்திரப் பொடியுமாகத் துறைப் படியில் மண்டியிட்டார்.

"சார், தூக்கிக் கவுத்துப் போட்டு அடியையும் தேச்சிடுங்க" என்றார் டென்சில். "நாலு பேர் புடிச்சா ஆச்சு. நான் வேணா ஆளுங்களக் கூப்பிடறேன்."

படகை வாங்கக் காத்திருக்கிறவர் யோசனை சொன்னால் அதில் ஏதோ சூது இருக்கும் என்று சேஷகிரி முடிவு கட்டினார். அதுவும் போக, அரசு அலுவலகத்தில் ஆயுளைக் கழித்தவர் அவர். பெரிய அதிகாரி வருகிற பாதையில் எந்தச் சுவருக்கு வெள்ளையடித்தால் போதும் என்பது அவருக்கு அத்துப்படி. கண்ணில் பட்டால் என்றுதானே பேச்சு? தண்ணீருக்கு அடியில் யார் கண் படப்போகிறது?

மேலே இருந்த பாசி வழுக்கிக்கொண்டு போய்விட்டது. பழுப்புக் கோடு மட்டும் என்ன தேய்த்தும் அசையவில்லை. தோள்பட்டை கழன்று விழுகிற சமயத்தில், ராஜலக்ஷ்மி குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது ஞாபகம் வந்தது. அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துப் புளி ஜாடியைக் காலி செய்தார். கரைத்து, கோட்டின் மேல் அப்பி, ஊறவிட்டுத் தேய்த்தார். கோடு போயே போய்விட்டது. சேஷகிரி படகோடு சேர்த்துத் தன்னையும் ஒரு சுற்றுப் பார்த்துப் பூரித்துப் போனார்.

அன்று வீட்டில் மோர்க்குழம்பு. சாதம் பிசைகிற அவருடைய பழுப்பேறிய விரல்களை ராஜலக்ஷ்மி ஒரு பார்வை பார்த்தாள்.

ஆயுத பூஜையன்று அரக்குப் பட்டுடுத்தித் தாம்பாளத்தோடு வந்தாள். படகின் மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். சக்கரம் இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று குழம்பி, கடைசியில் படியில் வைத்து அவரையே மிதிக்கச் சொன்னாள். பிறகு படகின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. ஏறி அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

சேஷகிரி துடுப்புப் போட்டார். படகு வேண்டா வெறுப்பாக நகர்ந்தது. இன்னும் பலமாகப் போட்டார். யாரோ பின்னாலிருந்து வேட்டியைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது.

"ஏன்னா, போயிண்டிருக்கோமா, நின்னுண்டிருக்கோமா?"

"காத்து எதிர்க்கறது."

அவள் காலடியில் வைத்திருந்த தாம்பாளத்தில் ஊதுபத்திப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. பெடல் படகில் தாண்டிப் போன காலேஜ் பையன்கள், "அங்கிள், தள்ளபேகா?" என்று, தள்ளிவிட வேண்டுமா எனக் கன்னடத்தில் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். ராஜலக்ஷ்மியும் சிரித்தாள். வெயிலுக்கு இதமாகக் கையைத் தண்ணீரில் விட்டாள். கை படகை ஒட்டிக் கீழே இறங்கியது. சட்டென்று நின்றது. வெளியே வந்தபோது ஒரு பிடி பாசி, முழ நீளத்துக்கு, சொட்டச் சொட்டத் தொங்கியது.

சேஷகிரி துடுப்பை நிறுத்திவிட்டார். போயிற்று. படகும் போயிற்று, அவள் எதிரில் உட்காருவதும் போயிற்று. ஆறு மாதக் குழந்தை மாதிரி உதடு பிதுங்கியது அவருக்கு.

ராஜலக்ஷ்மி பாசியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். நெற்றி விபூதி வியர்வையில் கரைந்து மூக்கு வரை வந்திருந்தது. துடுப்பைப் பிடித்திருந்த விரல்களில் புளியின் பழுப்பு இன்னும் போகவில்லை. அவள் கையைத் தண்ணீரில் தாழ்த்தி, பாசியை விட்டுவிட்டாள்.

"நான் ஒண்ணும் பாக்கலை" என்றாள். "மெதுவாவே போங்கோ. சீக்கிரம் கரை வந்துடுத்துன்னா மறுபடி அடுப்படிதானே?"

அரைமணியில் சுற்றி வர வேண்டிய ஏரியை அவர்கள் மத்தியானம் வரை சுற்றினார்கள். மாடி வாடகைக்காரரைப் பற்றி, தான் பாட்டுப் படித்துப் பாதியில் விட்டதைப் பற்றி, இவ்வளவு நாள் அவர் முதுகிடம் சொல்லிக்கொண்டு வந்ததையெல்லாம் அவள் இப்போது முகத்தைப் பார்த்துச் சொன்னாள். சேஷகிரிக்குக் கை வலித்தது, சந்தோஷமாக இருந்தது.

துறையில் டென்சில் காத்திருந்தார். "என்ன மேடம், பாஸா? இல்ல போட் எனக்குத்தானா?"

ராஜலக்ஷ்மி பச்சையேறிய உள்ளங்கையைப் பட்டுத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டாள். "ஒரு கறை கிடையாது, டென்சில். அவர் தொடைச்சா தொடைச்சதுதான்."

ஆட்டோ பிடிக்க நடக்கும்போதுதான் சேஷகிரி கவனித்தார். அரக்குப் பட்டில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை ஊறியிருந்தது.

"ராஜம், புடவை..."

"பாத்தேன்" என்றாள் அவள். "புளி போட்டுத் தேய்க்கறேன்னு மட்டும் கெளம்பிடாதேங்கோ."