பால் ஊற்றிய தொட்டி

கட்சி மேடையில் ஏறினால் சாமியே இல்லை என்பார் எங்கள் முதலாளி வைத்தியலிங்கம். ஆயுத பூஜை வந்தால் மட்டும் கறுப்புத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆலைக்குள் சூடம் காட்டுவார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குடவாசல் பக்கம் அவர் கட்டிய எரிசாராய ஆலை அது. அதற்கு முன் அந்த இடம் அவருடைய வயல். என் கணவர் சவரிராஜ்தான் குத்தகைக்கு உழுதார். குத்தகைக்காரர் பெயரைப் பதிய அரசாங்கம் சட்டம் போட்ட நேரம். பதிந்திருந்தால் இவரை ஒருவரும் அசைத்திருக்க முடியாது.

"நிலத்தை விட்டுடு சவரி. ஆலையில உனக்கு நிரந்தர வேலை" என்றார் முதலாளி. செங்கொடிச் சங்கத்தார் தலைதலையாய் அடித்துக்கொண்டார்கள். இவர் விட்டுக்கொடுத்தார்.

கிடைத்தது ஈஸ்ட் தொட்டி வேலை. சின்னத் தொட்டியில் கரும்பாலைக் கழிவுப்பாகைக் கரைத்து, காற்றுக் குழாயைத் திறந்து, ஈஸ்ட்டைப் பெருக்கிப் பெரிய தொட்டிக்கு விட வேண்டும். அங்கேதான் பாகு நொதித்துச் சாராயமாகும். வேறு கிருமி உள்ளே புகுந்தால் அத்தனையும் பாழ். வெந்நீரில் கழுவாத வாளியை இவர் தொடவே மாட்டார்.

அந்த வருஷம் ஆயுத பூஜையில், காலையிலிருந்து வெயிலில் கிடந்த படையல் பாலை முதலாளி ஈஸ்ட் தொட்டியில் ஊற்றப் போனார்.

"வேணாங்க, கெட்டுப்போயிடும்" என்றார் இவர்.

"தொழில் பெருகட்டும்னு ஊத்துறேன். தள்ளுடா."

ஊற்றிவிட்டார். கெமிஸ்ட் தியாகு பக்கத்திலேயே கைகட்டி நின்றார். அந்த ஈஸ்ட்டை விட்டதும் பெரிய தொட்டியும் கெட்டது. சாராய வாடை வர வேண்டிய இடத்தில் புளித்த மோர் நாற்றம். தியாகு மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "எல்லாம் பாலோட வந்த கிருமிதான் சவரி" என்று இவர் காதோடு சொன்னார்.

விசாரணையில் இவர் அதையே சொன்னார். முதலாளி எழுந்துவிட்டார்.

"பாத்தீங்களா, வேதக்காரன் நம்ம சாமி பாலைக் குத்தம் சொல்றான். தொட்டியைக் கழுவாம விட்டுட்டுப் பேச்சைப் பாரு."

எல்லோரும் தியாகுவைப் பார்த்தார்கள். "கழுவலைங்க" என்றார் அந்த மகானுபாவர்.

இவர் வேலை போயிற்று. நேரே ஆபீசுக்குப் போய் முதலாளி முன்னால் நின்றேன்.

"வேலை இல்லேன்னா எங்க குத்தகை நிலத்தையாவது திருப்பிக் குடுங்க ஐயா. உழுது பொழைச்சுக்கிறோம்."

"அது பெரிய தொட்டிக்கு அடியில கெடக்கு விண்ணரசி. தோண்டி எடுத்துக்க" என்றார்.

ஆபீசே சிரித்தது. தியாகுவும் சிரித்தார்.