பதினேழாவது தீர்மானம்

“அப்பா, ஒங்க காலுக்கு எவ்வளவு குடுத்தாங்க?”

இதைக் கேட்டபோது சுசீலாவுக்கு ஆறு வயது. லாங் ஐலண்ட் அணி யாரோ ஒருவருடைய இடது காலுக்கு நூற்றைம்பது ரூபாய் கொடுத்ததாம் என்று ரங்கத் கடைத்தெருவில் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு வந்திருந்தாள். குழந்தைவேலு வலது காலை இழுத்துக்கொண்டு எழுந்துபோய்ச் சட்டையை மாட்டிக்கொண்டான். பதில் அவனுக்குத் தெரியும். அறுபது ரூபாய் கொடுத்தார்கள். அறுபது ரூபாய் கொடுக்கவில்லை.

1963-இல் அவன் அந்தமானில், ரங்கத் பஜார் கிளப்பில் கால்பந்து ஆடினான். போர்ட் பிளேரிலிருந்து வந்த காண்ட்ராக்டர்கள் பணத்தைக் காட்டி நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் வளைத்துப் போட்டதால், லீக் அந்த வருஷம் ஒரு விதி கொண்டுவந்தது. எந்தக் கிளப்பும் ஒரு சீசனுக்கு ஆட்டக்காரர்களுக்கென்று ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. ஒப்பந்தப் பணத்தில் பாதி முதலில், பாதி சீசன் முடிவில். பணமோ பண்டமோ, வரம்புக்கு மேல் கொடுத்தது தெரிந்தால் கொடுத்ததைப் பறிமுதல் செய்து, கிளப்பை இரண்டு வருஷம் நீக்கி, அதன் ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் ரத்து செய்வார்கள்.

குழந்தைவேலுவின் ஒப்பந்தம் நூற்றிருபது ரூபாய். நாலாவது ஆட்டத்தில் முழங்கால் உடைந்தது. அவன் இடத்துக்கு வேறொருவரைக் கொண்டுவர வரம்பில் இடமில்லை. கிளப் செயலாளர் கிருஷ்ணமூர்த்தி ஒரு வழி கண்டுபிடித்தார். லீக் கூட்டத்தில் அவரே முன்மொழிந்தார்: அடிபட்டு ஆட முடியாமல் போனவர் அன்று முதல் ஆட்டக்காரர் அல்ல, அவருக்கு மீதிப் பணம் தர வேண்டியதில்லை, அவருக்குக் கொடுப்பது எதுவும் வரம்பில் சேராது. எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. பதினேழாவது தீர்மானம். அதன் அடியில் உதாரணமாகக் குழந்தைவேலுவின் பெயரை எழுதினார்கள். புது ஆட்டக்காரர் அறுபது ரூபாய்க்கு வந்தார்.

கட்டுப் போட்ட காலோடு கிளப் வாசலில் போய் நின்றவனிடம் கிருஷ்ணமூர்த்தி சொன்னது ஒரே வரிதான். “ரூல்னா ரூல், குழந்தை. நான் என்ன செய்யறது?”

அதன்பிறகு குழந்தைவேலு விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்தான். மராமத்து ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்தது. கணக்கில் கெட்டிக்காரன் என்று லீக் அவனையே கணக்குப் பரிசோதகராக வைத்துக்கொண்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முருகன் சன்னிதியில் நின்று ஒன்றைத்தான் கேட்டான். அந்த ஆளை என் கையில் கொடு. ஏழு வருஷம் வேறெதுவும் கேட்கவில்லை, பெண் பிறந்தபோதுகூட. கடவுள் சில வேண்டுதல்களைக் கேட்டபடியே கொடுத்துவிடுகிறார். அப்போதுதான் நாம் கேட்டது என்னவென்று நமக்குப் புரிகிறது.

1970 ஏப்ரலில் லாங் ஐலண்ட் அணி ஒரு புகார் அனுப்பியது. பஜார் கிளப் தன் ஆட்டக்காரன் சண்முகத்துக்குக் கூரை போட எட்டுத் தகரம் கொடுத்திருக்கிறது. விலை தொண்ணூற்றாறு ரூபாய். கிளப்பின் ஒப்பந்தங்கள் மட்டுமே தொள்ளாயிரத்து அறுபது. ஆக, ஐம்பத்தாறு ரூபாய் அதிகம்.

குழந்தைவேலு கூட்டல் கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்தான். சந்தோஷத்தில்தான் மூன்று தடவை.

தகரத்தை எண்ணிப் பார்க்க அவன் சண்முகத்தின் வீட்டுக்குப் போனான். திறந்த வாசலில், முழங்காலிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டோடு அந்தப் பையன் படுத்திருந்தான். பிப்ரவரியில் ஆட்டத்தில் அடிபட்டதாம். அதற்குப் பிறகுதான் தகரம் வந்ததாம். கப்பலில் வந்த சரக்கைச் செயலாளர் சாரே மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, ஏணியையும் பிடித்துக்கொண்டு நின்றார் என்று அவன் தாய் மரகதம் சொன்னாள்.

குழந்தைவேலுவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கிருஷ்ணமூர்த்தி கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துத்தான் இத்தனை வருஷம் அவன் தூங்கி எழுந்தான். அவருக்கு இரக்கம் இருக்கிறது. ஏணி பிடிக்கவும் தெரிகிறது. அது தன் வாசலுக்கு மட்டும் வரவில்லை. இவரை ஒழித்தே தீருவது என்று அங்கேயே முடிவு செய்தான்.

மரகதம் முக்காலியை எடுத்துப் போட்டாள். அவன் உட்கார்ந்ததும், ஒன்றும் கேட்காமல், ஒரு சாக்கை மடித்து அவன் வலது குதிகாலுக்கு அடியில் வைத்தாள். வலி சட்டென்று குறைந்தது. மகனுக்குச் செய்து செய்து பழகிய கை.

“மழைக்கு முன்னாடி கூரை வந்துச்சே, அது போதும் தம்பி. இல்லாட்டி இவன் காலை எங்க வச்சு ஆத்துறது?” என்றாள். பிறகு, “எத்தினி தகரம்னு எழுதிக்கிட்டீங்களா?” என்று கேட்டாள். அந்தக் கணக்கு எதற்கென்பது அவளுக்குத் தெரியாது.

எட்டு என்று எழுதிக்கொண்டான்.

கூட்டத்துக்கு முதல் நாள் கிருஷ்ணமூர்த்தி அவன் ஆபீசுக்கு வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஒரு கவரை மேஜைமேல் வைத்தார்.

“குழந்தை, உன்னோட அந்த அறுபது ரூபா.”

“நாளைக்கு மீட்டிங்கை வச்சுக்கிட்டு இன்னிக்குக் குடுத்தா இதுக்குப் பேரு லஞ்சம், சார். ஏழு வருஷம் முன்னால குடுத்திருந்தா கூலி.”

அவர் கவரை எடுத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி, தன்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளும்படியும், தகரத்தை மட்டும் இறக்கிவிட வேண்டாமென்றும் கேட்டுக்கொண்டார். குழந்தைவேலு அவரையே பார்த்தான். பதினேழாவது தீர்மானம் இவருக்கு நினைவிலேயே இல்லை. தானே எழுதி, தானே முன்மொழிந்ததை மறந்துவிட்டார். அந்த ஊரில் அதை எழுத்துக்கு எழுத்து நினைவில் வைத்திருந்தவன் ஒருவன்தான். அவன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

அன்று வெள்ளிக்கிழமை. சன்னிதியில் வெகுநேரம் நின்றான். வழக்கமான வார்த்தைகள் வரவில்லை. குதிகாலுக்கு அடியில் அந்தச் சாக்கின் மெத்தென்ற நினைவுதான் வந்தது.

கூட்டத்தில் ஆறு கிளப்காரர்களும் இருந்தார்கள். லாங் ஐலண்ட் பிரதிநிதி சொக்கலிங்கம் பீடியை அணைத்துவிட்டு, “ஹிசாப், கணக்கு என்ன சொல்லுது பாய்? சீக்கிரம் சொல்லு, போட் போயிடும்” என்றார்.

குழந்தைவேலு எழுந்தான். தகரம் எட்டு, கொடுத்தது உண்மை, விலை தொண்ணூற்றாறு என்றான். ஒவ்வொரு எண்ணுக்கும் கிருஷ்ணமூர்த்தியின் தலை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. அதை அவன் அவசரப்படாமல் பார்த்தான். பிறகு பழைய தீர்மானப் புத்தகத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தான்.

“பதினேழு. நீங்களே படிங்க சார். எல்லாருக்கும் கேக்கணும்.”

அவர் படித்தார். அடிபட்டவர் ஆட்டக்காரர் அல்ல என்ற இடத்தில் குரல் இறங்கியது. மீதிப் பணம் தர வேண்டியதில்லை என்ற இடத்தில் நின்றே போனது. “அடியில இருக்கிற பேரையும் படிங்க” என்றான் குழந்தைவேலு. அவர் படித்தார். முன்மொழிந்தவர் பெயரையும் படிக்க வைத்தான். சொக்கலிங்கம்கூடத் தன் படகை மறந்துவிட்டார்.

“சண்முகத்துக்கு அடிபட்டது பிப்ரவரி பத்து. தகரம் குடுத்தது மார்ச் ரெண்டு. அப்ப அவன் ஆட்டக்காரன் இல்லே. அவனுக்குக் குடுத்தது வரம்புல சேராது. கணக்கு சரி.”

உட்கார்ந்தான். ஏழு வருஷம் சுமந்ததை இறக்கி வைத்தாயிற்று. அவன் பழி வாங்கினானா, மன்னித்தானா என்று என்னைக் கேட்டால், இரண்டையும் ஒரே மூச்சில் செய்தான் என்றுதான் சொல்வேன். அதிலும் அந்தத் தாய் மடித்து வைத்த சாக்குக்குப் பங்கு உண்டு.

திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்குள் நுழைந்தபோது, இரவுக் காவல்காரர் வாங்கி வைத்திருந்த லீக்கின் தீர்மானப் புத்தகம் அவன் மேஜையில் இருந்தது. பதினேழாவது தீர்மானம் இருந்த பக்கத்தில் ஆறு பத்து ரூபாய் நோட்டுகள். கூடவே ஒரு ரசீது. ‘1963 ஒப்பந்தத்தின் மீதி’ என்று கிருஷ்ணமூர்த்தியின் கையெழுத்தில் எழுதி, கீழே ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருந்தது. வேறு ஒரு வார்த்தை இல்லை.

இன்னும் யாரும் வேலைக்கு வரவில்லை. குழந்தைவேலு பேனாவை எடுத்து, ஸ்டாம்பின் குறுக்கே கையெழுத்துப் போட்டான்.