முதல் பஸ்

மினசோட்டாவில் டிசம்பர் மாதம் பொழுது விடியும்போது என் மகள் மாரிட் இரண்டாவது பாடவேளையில் இருப்பாள். இருப்பாள் என்பது பெயருக்குத்தான். தலை மேஜையில் கிடக்கும். இங்கே பதினாறு வயதிலேயே கார் ஓட்டலாம்; போன குளிர்காலத்தில் பள்ளிக்குக் காரோட்டிப் போகும்போதே கண்ணயர்ந்துவிட்டாள். வண்டி சாலையோரப் பள்ளத்தில் இறங்கியது. அங்கே பனி குவிந்து கிடந்ததால் பிழைத்தாள்.

அதற்கும் முன்பிருந்தே நான் பள்ளி வாரியக் கூட்டத்தில் மாதாமாதம் பேசி வருகிறேன். வளர்கிற பிள்ளைகளுக்குத் தூக்கம் வேண்டும், உயர்நிலைப் பள்ளியை ஒரு மணி நேரம் தள்ளித் தொடங்குங்கள் என்பதே என் பாட்டு. ஆளுக்கு மூன்று நிமிடம். வாரியத்தார் பதில் சொல்வதில்லை, தலையாட்டுவார்கள். யாராவது சண்டைக்கு வந்தால்கூட மனசு ஆறும். எங்கள் ஊரில் முகத்துக்கு நேராக முடியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். "நல்ல யோசனை" என்பார்கள், காபி ஊற்றித் தருவார்கள், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு டார்லா மட்டும் விடாமல் என்கூட வந்தாள். அவள் மகள் ஒன்றாம் வகுப்புதான் படிக்கிறாள். ஆனாலும் முன்வரிசையில் உட்கார்ந்து, நான் முடித்ததும் ஒற்றை ஆளாகக் கைதட்டுவாள். அவள் இல்லையென்றால் எப்போதோ விட்டுத் தொலைத்திருப்பேன்.

நேற்றைய கூட்டத்தில் வாரியத் தலைவர் ஹார்லன் அதிசயமாக வாய் திறந்தார். விதை வியாபாரி, நல்ல மனுஷன், அதுதான் தொல்லை. நேரத்தை மாற்றிவிடலாம் என்றார். செலவே இல்லாத வழி கண்டுபிடித்திருக்கிறாராம். இப்போது இருக்கிற சில பஸ்களே முதலில் பெரிய பிள்ளைகளை இறக்கிவிட்டு, அப்புறம் போய்ச் சின்னப் பிள்ளைகளை ஏற்றுகின்றன. அதை அப்படியே திருப்பிப் போட்டால் போதும். இனி சின்னவர்களுக்குத்தான் முதல் பஸ்.

இத்தனை வருடம் பேசினேனே, அந்த பஸ்களைப் பற்றி ஒரு நாள்கூட நினைத்ததில்லை. ஆறு வயதுப் பிள்ளைகள் கும்மிருட்டில், மூக்கு உறையும் குளிரில், நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கப் போகிறார்கள். டார்லாவைத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

"கேட்டது நீங்கதானே, லோயிஸ். உங்களுக்குச் சம்மதம்னா இன்னிக்கே ஓட்டுக்கு விட்டுடலாம்" என்றார் ஹார்லன்.

இப்படி வேண்டாம், இன்னும் பஸ் வாங்குங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மறுபடி தலையாட்டல், மறுபடி காபி. அதற்குள் மாரிட் படிப்பையே முடித்துவிடுவாள். இல்லையென்றால் இன்னொரு பள்ளத்தில் இறங்குவாள், அங்கே பனி இருக்காது. எனக்குத் தெம்பில்லை.

"சம்மதம்" என்றேன்.

ஒருமனதாக நிறைவேறியது. கூடமே கைதட்டியது. டார்லாவின் கைகள் மடியிலேயே இருந்தன.

வெளியே வந்து கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். டார்லா தன் சுரண்டியை எடுத்துவந்து மறுபக்கம் சுரண்ட ஆரம்பித்தாள். எங்கள் ஊர்க்காரியாயிற்றே, கோபத்திலும் உதவிதான் செய்வாள். கண்ணாடி தெளியும்வரை இருவரும் சுரண்டினோம்.

"உன் இடத்துல இருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதனால உன்னைத் திட்டக்கூட முடியல" என்றாள். "அடுத்த மாசம் நான் பேசப் போறேன், லோயிஸ். இதை எதிர்த்து."

"பேசு."

"எப்படிப் பேசறதுன்னு எனக்குத் தெரியாது. நீதான் சொல்லித் தரணும்."

அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அப்படியே சீட்டில் சாய்ந்து தூங்கிவிடலாம் போல் அசதி. கதவைத் திறந்து அவளை உள்ளே உட்காரச் சொன்னேன்.

"பஸ்லேருந்து ஆரம்பி. இன்னும் பஸ் வேணும்னு கேளு. நான் கேக்காம விட்டது அதுதான்" என்றேன்.