விரைந்து ஆறிய பூச்சு

மேற்கே கடினங்குளத்துக் காயல் நண்பகல் வெயிலை ஏந்தி வெள்ளித் தகடென விரிந்து கிடக்க, கிழக்கே நெடுஞ்சாலையில் ஊர்திகள் ஓயாது இரைந்து விரைய, இடையே கழக்கூட்டத்துத் தென்னைகளின் நடுவே தொழிற்கூடமொன்று தகித்துக்கொண்டிருந்தது. உலோகத்தை உருக்கித் துளிகளாய்த் தெளித்து, தேய்ந்த பொறித்தண்டுகளுக்குப் புதுப்பூச்சு இடுபவன் அங்கே சிவதாணு. அப்பூச்சைச் சோதித்து முத்திரையிடுபவள் அவன் மனைவி ஸ்ரீலட்சுமி. ஆறு திங்கள் சூலியான அவளுடைய கால்கள் வீங்கிக் காலணிக்குள் அடங்க மறுத்தன.

நற்றமிழ் நெஞ்சினீர், பூச்சின் இயல்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தழலில் உருகிப் படிந்த துளி ஆறும்போது சுருங்க விழையும். அடியிலுள்ள எஃகோ அதனை விடாது பற்றியிருக்கும். அவ்விழுபறி கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயே எஞ்சி நிற்கும். மெல்ல ஆறவிட்டால் பூச்சு பொறுத்துக்கொள்ளும், விரட்டினால் வெடித்துவிடும். ஆதலின் தண்டு தானே ஆறும்வரை, மாலை எந்நேரமாயினும், ஸ்ரீலட்சுமி காத்திருப்பது வழக்கம்.

அன்று உச்சிப்பொழுதிலேயே தண்டு ஆறிக் கிடந்தது. வியந்தவள் செஞ்சாயம் பூசித் துடைத்து வெண்பொடி தூவினாள். பூச்சின் வெடிப்புகளில் ஊறியிருந்த சாயம் வெண்மையின் நடுவே மயிரிழை போன்ற செங்கோடுகளாய் ஒவ்வொன்றாய் எழுந்தது. அத்திங்களில் சிவதாணுவின் பூச்சு முன்னமே இருமுறை தள்ளப்பட்டிருந்தது. இதுவும் தள்ளப்பட்டால் தெளிப்பு வேலை போய்விடும். தேர்ந்ததென்று முத்திரையிட்டாலோ, ஊருக்குக் குடிநீர் இறைக்கும் பொறியில் அத்தண்டு பூச்சுதிர்ந்து நின்றுவிடும்.

"அத்தான், காத்தாடிய இதுக்க நேர வச்சியளா?" என்று அருகே நின்ற மின்விசிறியைப் பார்த்துக் கேட்டாள்.

"வச்சேன் லெச்சுமி. இது ஆறுறது வரைக்கும் நீ இந்த வீங்குன காலோட நிக்காண்டாமேன்னு தோணிச்சு. தப்பு எனக்கதாக்கும்."

அவள் கண்கள் நிறைந்தன. எழுதுகோல் தாளின்மேல் அசையாது நின்றது.

"உள்ளத எழுது மக்கா. நாளைக்கு நம்ம பிள்ளையும் அந்தத் தண்ணியல்லே குடிக்கும்?"

'ஏற்கத்தக்கதன்று' என எழுதினாள். காரணம் கேட்ட கட்டத்தில் 'விரைந்து குளிர்வித்தமை' என்றும் எழுதினாள். யார்பொருட்டு விரைந்தான் என்று எழுத அத்தாளில் கட்டமில்லை.

மாலைக்குள் ஆணை வந்தது; நாளை முதல் சிவதாணு தண்டுகளைத் துடைத்து அடுக்கும் பணிக்குப் போகவேண்டும். அவன் முகம் வாடத்தான் செய்தது. தன் கையெழுத்தால் தெளிப்பு வேலை இழந்தவனை ஏறிட்டுப் பார்க்க அஞ்சி அவள் தலைகுனிந்து வர, அவனோ அவள் பையையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் நடைக்கேற்பத் தன் நடையைத் தளர்த்திப் பேருந்து நிறுத்தம்வரை உடன் வந்தான். இவனைப்போல் என்மேல் அன்புடையார் இவ்வுலகில் எவருமில்லை என்று அவள் நெஞ்சார எண்ணினாள். அவ்வெண்ணத்தில் பிழையேதும் இல்லை.